அப்பாவின் நஞ்சையை மனைப்பிரிவாக்க முடியுமா? தஞ்சை மாவட்ட வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: தஞ்சை மாவட்டத்தில் நகரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் எங்கள் குடும்பத்துக்கு 2 ஏக்கர் 40 சென்ட் நஞ்சை இருக்கிறது. அப்பா உயில் எழுதாமலே காலமாகிவிட்டார். அம்மாவும் இல்லை. நான், இரண்டு தம்பிகள், இறந்துபோன அக்காவின் பிள்ளைகள் ஆகியோர் வாரிசுகள். பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. சாகுபடி செய்துவந்தவர் வயதாகி விட்டுவிட்டதால் நிலம் சும்மா கிடக்கிறது. ரோட்டோரமாக இரண்டு 'நகர்' வந்துவிட்டன. ஒரு புரமோட்டர், "பவர் எழுதிக் கொடுங்கள், வீட்டு மனையாக மாற்றுவதெல்லாம் என் பொறுப்பு" என்கிறார். பட்டாவைப் புஞ்சையாக மாற்றினாலே போதும் என்கிறார் தரகர். டெல்டாவைப் பாதுகாக்கச் சட்டம் வந்த பிறகு இங்கே மனையே போட முடியாது என்கிறார் சித்தப்பா. யார் சொல்வது சரி? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அம்மா, மூன்று பேர் சொன்னதும் சரியில்லை. ஆனால் மூன்று பேச்சிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் உங்களுக்குக் குழப்பம்.

சித்தப்பா சொல்வது 2020-ல் வந்த தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம். தஞ்சாவூர் மாவட்டம் அதில் வருகிறது. ஆனால் அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பது, நிலக்கரிப் படுகை மீத்தேன், தோல் பதனிடும் ஆலை, இரும்பு, செம்பு, அலுமினிய உருக்காலை போன்ற குறிப்பிட்ட தொழில்களை. வீட்டு மனை அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அந்தச் சட்டத்தைக் காட்டி உங்கள் மனுவை யாரும் தள்ள முடியாது. தள்ளினால் வேறு காரணத்துக்காகத்தான் தள்ளுவார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தரகர் சொல்வதில்தான் ஆபத்து அதிகம். நஞ்சை, புஞ்சை என்பது வருவாய்த் துறை தீர்வைக்காக வைத்திருக்கும் வகைப்பாடு. நிலத்துக்குப் பாசன ஆதாரம் உண்டா இல்லையா என்பதை அது சொல்கிறது. அந்த இடத்தில் வீடு கட்டலாமா, ஆலை வைக்கலாமா, பயிர் மட்டும்தான் செய்யலாமா என்பதைச் சொல்வது நகர் ஊரமைப்புச் சட்டம், அதாவது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இரண்டும் வேறு அலுவலகம், வேறு பதிவேடு. தாசில்தார் நாளைக்கே உங்கள் பட்டாவில் புஞ்சை என்று மாற்றிக் கொடுத்தாலும், திட்ட வரைபடத்தில் அது விவசாய மண்டலம் என்றால் விவசாய மண்டலமாகவேதான் இருக்கும். புஞ்சைப் பட்டாவை நம்பிப் பணம் கட்டிய பலர் வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போன பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

ஆகவே உங்கள் முதல் வேலை, நிலம் எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. கிராமத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் உள்ளூர் திட்டக் குழுமங்கள் இருக்கின்றன. உங்கள் கிராமம் அப்படி ஒரு குழுமத்தின் முழுமைத் திட்டத்துக்குள் (மாஸ்டர் பிளான்) வருகிறதா, வெளியே இருக்கிறதா என்பதைப் பொறுத்து வழியே மாறிவிடும்.

முழுமைத் திட்டத்துக்குள் என்றால், ஒவ்வொரு புல எண்ணும் ஏதோ ஒரு உபயோகத்தின் கீழ் பட்டியலில் இருக்கும்: குடியிருப்பு, வணிகம், தொழில், பொது, விவசாயம் என்று. பக்கத்தில் 'நகர்' வந்துவிட்டது என்பதால் உங்கள் புல எண்ணும் குடியிருப்புதான் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் தங்கள் புல எண்களுக்கு மட்டும் மாற்றி வாங்கியிருக்கலாம். மாறாக, உங்களுடையது ஏற்கெனவே குடியிருப்பு மண்டலமாகவே இருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் உபயோக மாற்றமே தேவையில்லை, நேராக மனைப்பிரிவு அனுமதிக்குப் போகலாம். இதைப் பார்க்காமலே மாற்றித் தருகிறேன் என்று பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

விவசாய மண்டலம் என்று தெரிந்தால், சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி திட்டத்தையே உங்கள் புல எண்ணுக்காகத் திருத்த வேண்டும். மனு கொடுத்து, இடம் பார்த்து, மற்ற துறைகளிடம் கருத்துக் கேட்டு, பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட்டு ஊராரிடம் ஆட்சேபணை கேட்டு, கடைசியில் அரசிதழில் அறிவிக்கை வரும். விவசாய உபயோகப் பட்டியலிலிருந்து இந்தப் புல எண் நீக்கப்படுகிறது, குடியிருப்புப் பட்டியலில் சேர்க்கப்படுகிறது என்று அதில் இருக்கும். அந்த அறிவிக்கை வரும்வரை எதுவும் மாறவில்லை. "ஃபைல் மேலே போயிருக்கிறது, ஆர்டர் ஆன மாதிரிதான்" என்று யார் சொன்னாலும் அரசிதழ் நகலைக் கேளுங்கள்.

முழுமைத் திட்டத்துக்கு வெளியே இருக்கும் கிராமம் என்றால் அதே சட்டத்தின் 47-அ பிரிவும், அதற்காக 2017-ல் வந்த விதிகளும் பொருந்தும். திட்டம் இல்லாத பகுதி என்பதால் எதையும் செய்யலாம் என்ற எண்ணம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அது தவறு. அங்கேயும் விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற உள்ளாட்சியின் அனுமதி வேண்டும், அதற்கு முன் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் இசைவும் வேண்டும். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியர் தரப்பும் வேளாண் துறையும் என்ன சொல்கின்றன என்பதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கும். ஊராட்சித் தலைவர் தானாகவே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் 'பஞ்சாயத்து அப்ரூவல்' மனைப்பிரிவு அனுமதி ஆகாது.

இதைத் தெரிந்துகொள்ளப் புரமோட்டர் வேண்டியதில்லை. பட்டா, 'அ' பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் அரசின் இ-சேவைத் தளத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். புல எண்ணைக் குறிப்பிட்டு, இது எந்த உபயோகத்தில் வருகிறது என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் மனு கொடுங்கள். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதே கேள்வியை அனுப்புங்கள். வாய்வார்த்தையாகக் கிடைக்கும் பதிலை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

இனி தண்ணீர். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் கவலை.

டெல்டாவில் ஒரு வயல் தனியாக இருப்பதில்லை. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து மடை என்று வந்தாலும், பல இடங்களில் கடைசிக் கட்டத்தில் தண்ணீர் வயலுக்கு வயல் பாய்ந்துதான் போகும். உங்கள் மேல்புறத்துக்காரர் வயலில் பாய்ந்த தண்ணீர் உங்கள் வரப்பை உடைத்து இறங்கி, கீழ்ப்புறத்துக்காரருக்குப் போயிருக்கும். புல வரைபடத்தில் இது கோடாக இருக்காது. பாசன வாய்க்கால் புறம்போக்கு என்று தனி எண் இருந்தால் தெரியும். வயல் வழியாகப் பாயும் பாதைக்கு எண் கிடையாது, பல தலைமுறைப் பழக்கம் மட்டும்தான். நீங்கள் மண் கொட்டி 4 அடி உயர்த்தினால் அந்தப் பாதை அன்றைக்கே மூடிவிடும். கீழே சம்பா போட்டிருப்பவருக்குத் தண்ணீர் வராது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் மேலே இருப்பவருக்குத் தண்ணீர் வடியாது. ஒரு வாரம் தேங்கினால் இளம்பயிர் அழுகிவிடும்.

வடிகாலும் அப்படியே. பாசன வாய்க்காலைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், வடிகாலை யாரும் நினைப்பதில்லை. நிலத்தின் எந்த மூலை தாழ்வு, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி எந்த வடிகாலில் சேர்கிறது என்று சாகுபடி செய்துவந்த அந்தப் பெரியவருக்குத் தெரியும். அவரை ஒருநாள் அழைத்துக்கொண்டு போய் வரப்பு வரப்பாக நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். கையில் புல வரைபடத்தை வைத்துக்கொண்டு, அவர் காட்டுகிற இடத்தில் பேனாவால் குறியுங்கள். பிறகு உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து மட்ட அளவோடு வரைபடம் எடுங்கள். நீர்வளத் துறையின் கருத்துக் கேட்கும்போது கேள்விகள் இதிலிருந்துதான் வரும். முதலிலேயே வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் இடம் விட்டு வரைந்த மனு நிற்கும். அவற்றை மறைத்த மனு பின்னால் எந்தக் கட்டத்திலும் விழலாம், மனை விற்ற பிறகும்கூட. வாய்க்கால், ஓடைப் புறம்போக்கை மூடிவிட்டு வீடு கட்டியவர்கள் வழக்கு என்று வந்தபோது நீதிமன்றங்களில் இரக்கம் பெற்றதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

வெளிப்படையாகச் சொல்கிறேன். உங்கள் நிலம் ஆயக்கட்டில், அதாவது வாய்க்கால் பாசனம் பெறும் பரப்பில் இருந்து, சுற்றி நாலு பக்கமும் பயிர் நடந்துகொண்டிருந்தால், அனுமதி கிடைக்காமல் போகவே வாய்ப்பு அதிகம். அப்படிக் கிடைக்காமல் போவது நியாயம் என்றும் நான் நினைக்கிறேன். நடுவில் ஒரு வயல் மேடானால் சுற்றியுள்ள பத்து வயல் கெடும். மாறாக, ரோட்டை ஒட்டி, இரண்டு பக்கமும் ஏற்கெனவே அனுமதி பெற்ற மனைப்பிரிவு வந்து, பாசனமும் அறுந்துபோய்க் கிடக்கிற நிலம் என்றால் உங்கள் கோரிக்கைக்கு வலு உண்டு. உங்களுடையது எந்த வகை என்பதை நீங்கள் முதலில் உங்களுக்கே நேர்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். இரண்டாண்டு தரிசாகக் கிடப்பதை வைத்து, இனி விளையாத நிலம் என்று மனுவில் எழுதச் சொல்வார்கள். எழுதாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் என்றைக்கு என்ன பயிர் என்பது பதிவாகியிருக்கும்.

அடுத்து குடும்பம். பட்டா அப்பா பெயரில் இருக்கும்வரை எந்த மனுவும் நகராது. வாரிசுச் சான்று வாங்கி, எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா மாற்றுங்கள். அக்காவின் பிள்ளைகளை விட்டுவிட்டு, 'அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்' என்று போகாதீர்கள். அக்கா அப்பாவுக்கு முன்பே இறந்திருந்தால் அவருடைய பங்கு முழுவதும் அவர்களுடையது. அவர்களில் யாராவது மைனர் என்றால் வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு கையெழுத்தும் வேண்டாம். சாகுபடி செய்தவரின் பெயர் குத்தகைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் பாருங்கள். இருந்தால் அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அவருக்கு உரியதைக் கொடுத்து, முறையாக எழுதி வாங்குங்கள். தாய்ப்பத்திரத்தையும் (நிலம் குடும்பத்துக்கு வந்த மூலப் பத்திரம்) ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அரசு ஒப்படை நிலம், பஞ்சமி நிலம், கோயில் நிலம் என்று ஏதாவது நிபந்தனை இருந்தால் எல்லாமே அங்கே நின்றுவிடும்.

புரமோட்டர் கேட்கும் பவர் பற்றி. விற்கும் அதிகாரத்தோடு பொதுப் பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். உபயோக மாற்றத்துக்கும் மனைப்பிரிவு அனுமதிக்கும் மனு போட, கட்டணம் கட்ட, அதிகாரிகள் முன் ஆஜராக என்று வேலையைக் குறிப்பிட்டு, காலவரம்போடு எழுதலாம். விற்பனை பற்றிப் பேச வேண்டியது அனுமதி கைக்கு வந்த பிறகுதான். பவர் கொடுத்ததாலேயே நிலம் கைமாறிவிடாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் விற்கும் அதிகாரம் உள்ள பவரை வைத்து அவர் உங்கள் பெயரிலேயே நூறு பேரிடம் முன்பணம் வாங்கலாம். நாளை ஏதாவது ஆனால் அந்த நூறு பேரும் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். அதோடு, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டம் எதுவானாலும் ரெராவில் (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவோ முன்பணம் வாங்கவோ கூடாது. உங்களுடையது அதைப்போல் பத்தொன்பது மடங்கு பெரியது.

அவர் இன்னொரு யோசனையும் சொல்வார். அனுமதி எதற்கு, விவசாய நிலமாகவே ஐந்து சென்ட், பத்து சென்ட்டாகப் பதிவு செய்துவிடலாம் என்பார். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தடுத்தது. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவும் அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. அனுமதியில்லாத இடத்தை மனையாகப் பதிவு செய்யச் சார்பதிவாளர் மறுக்க வேண்டும் என்பது அதன் சாரம். எப்படியோ பதிவாகிவிட்டாலும் வாங்கியவருக்குக் கட்டட அனுமதி கிடைக்காது, கடன் கிடைக்காது. பெண் கல்யாணத்துக்கு என்று சேர்த்த பணத்தைக் கொண்டுவந்து வாங்குகிற குடும்பங்கள் அவை. அவர்களிடம் நீங்கள் அப்படி விற்க வேண்டாம்.

அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டத்தில் சேர்த்துவிடலாம் என்பதையும் நம்ப வேண்டாம். 2017-ல் வந்த அந்தத் திட்டத்தின் விதிகள், 2016 அக்டோபர் 20 அன்றோ அதற்கு முன்போ பதிவான பத்திரத்தோடு விற்ற மனைகளுக்குத்தான். பழைய தேதியிட்ட பத்திரத்தாள் கிடைக்கும் என்று யாராவது பேச்செடுத்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, உபயோகம் மாறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது பாதி வேலைதான். அதன் பிறகு மனைப்பிரிவு அனுமதி தனி. தம்பிகள் 240 சென்ட்டையும் அப்படியே மனை விலையில் பெருக்கிப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அது நடக்காது. விளம்பரங்களில் பார்க்கிற 23 அடி, 30 அடி சாலைகளுக்கே கால் பங்குக்கு மேல் போய்விடும். அந்தச் சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

பூங்காவுக்கான திறந்தவெளி ஒதுக்கீட்டில் மட்டும் உங்கள் அளவு ஒரு முக்கியமான இடத்தில் நிற்கிறது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தை நிலமாகவே விட வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலமாக விட முடியாத நிலையில் அதற்கு ஈடாக அந்த நிலத்தின் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். உங்கள் 2 ஏக்கர் 40 சென்ட் என்பது சுமார் 9,710 சதுர மீட்டர். பக்கத்து வயலில் பத்து சென்ட் சேர்த்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் அந்த எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். ஆனால் என்னைக் கேட்டால், பணமாகக் கட்ட வழி இருந்தாலும் நிலமாகவே விடுங்கள். தாழ்வான மூலை எதுவோ, வடிகாலை ஒட்டிய பக்கம் எதுவோ, அங்கே விடுங்கள். மழைத் தண்ணீர் நிற்க ஓர் இடம் வேண்டும். அதை விற்றுவிட்டால் அங்கே வீடு கட்டுகிறவர் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீரில் நிற்பார்.

வரியையும் இப்போதே கணக்கில் எடுங்கள். கிராமப்புற விவசாய நிலத்தை விவசாய நிலமாகவே விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. எது கிராமப்புறம் என்பதற்கு, மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லையிலிருந்து நேர்க்கோட்டுத் தூரம்தான் கணக்கு: மக்கள்தொகை 10,000 முதல் 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை என்றால் 6, அதற்கு மேல் 8. தஞ்சாவூர் மாநகராட்சிக்கு 2011 கணக்கெடுப்பின்படி 2 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை என்பதால் 6 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்கு வெளியே இருந்தாலும், நீங்களே மனையாக மாற்றி விற்றால் அந்தச் சலுகை போய்விடும். மனு போடுவதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்து, வயலாக விற்றால் கையில் எவ்வளவு நிற்கும், மனையாக்கி விற்றால் எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் போடுங்கள். சாலைக்குப் போனது, கட்டணம், மண் அடிக்கும் செலவு, வரி, இதற்கெல்லாம் காத்திருக்கும் வருடங்கள் என்று கழித்துப் பார்த்தால், இரண்டுக்கும் இடையே புரமோட்டர் சொல்லும் வித்தியாசம் இருக்காது என்பது என் அனுபவம். சில குடும்பங்கள் ரோட்டோரப் பகுதிக்கு மட்டும் மாற்றம் கேட்டுவிட்டு, உள்ளே இருக்கும் வயலைப் பக்கத்து விவசாயிக்கே நல்ல விலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் நிலத்தின் அமைப்பு அதற்கு இடம் கொடுத்தால் அதையும் தம்பிகளோடு பேசுங்கள்.

புரமோட்டரிடம் இப்போதைக்கு ஒரே பதில் சொல்லுங்கள்: பட்டா மாறட்டும், பிறகு பேசலாம் என்று. முன்பணம் என்று ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம். வாரிசுச் சான்றுக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ஒரே வாரத்தில் மனு கொடுத்துவிடலாம். இரண்டுக்கும் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கத் தேவையில்லை. அலுவலகத்திலிருந்து எழுத்துப்பூர்வமான பதில் வந்ததும், புல வரைபடத்தில் அந்தப் பெரியவர் காட்டிய தண்ணீர்ப் பாதையைக் குறித்து, இரண்டின் நகலையும் எனக்கு அனுப்புங்கள். 32-ஆம் பிரிவா, 47-அ பிரிவா, அல்லது மாற்றமே தேவையில்லையா என்பதை அப்போது உறுதியாகச் சொல்கிறேன்.